மதினி அடுப்பு மூட்டாத நாட்கள்

அந்தத் தோட்டத்தில் எது செத்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது. மான் செத்தாலும் கிடையாது, மயில் செத்தாலும் கிடையாது. ஒரு கிழட்டு முயல் கண்ணை மூடியதற்காக, சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாசலில் டிக்கெட் கிழித்திருக்கிறேன். எல்லாம் மதினியின் கைங்கரியம். சமையல்கட்டு அவள் பொறுப்பில் இருந்தது. உயிர் போன இடத்தில் குழி மூடும்வரை அடுப்பு மூட்டக் கூடாது என்பது அவள் சட்டம். அது மனுஷருக்கு உள்ள சட்டமல்லவா என்று வந்த புதிதில் சண்டைகூடப் போட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கழுவி வைத்த பானையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வடக்கே, உப்பளத்தை ஒட்டி இருந்தது அந்த மிருகத் தோட்டம். எங்கள் முதலாளி கொழும்புக்குத் தோணியில் வெங்காயமும் வற்றலும் கருவாடும் அனுப்பி மேலே வந்தவர். கொழும்பில் போய் மிருகக் காட்சியைப் பார்த்தவருக்கு, நம்மூரிலும் அப்படி ஒன்று இருந்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. பணம் இருக்கிறவருக்கு ஆசை வந்தால் யார் தடுப்பது? மேற்கு மலையிலிருந்து ரயிலில் பெட்டி பெட்டியாக மிருகங்கள் வந்து இறங்கின. சில தங்கின, சில தோணி ஏறிக் கொழும்புக்குப் போயின, பல செத்தன. மலைக்காற்றைக் குடித்து வளர்ந்த பிராணிகளை உப்புக்காற்றில் கொண்டுவந்து அடைத்தால் வேறு என்ன நடக்கும்? டிக்கெட் கொடுப்பது, தீவனம் வாங்குவது, முதலாளி வந்தால் பின்னாலேயே நடப்பது, இவைதாம் என் வேலை. மிருகங்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேலை கிடைத்தது, போனேன்.

மதினி யாருக்கு மதினி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. முதலாளிக்கும் மதினி, எனக்கும் மதினி, ரோட்டில் போகிற உப்பு வண்டிக்காரனுக்கும் மதினி. பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. நெட்டையான உடம்பு, ஆம்பிளைக் கை, ஊறவைத்த கொள்ளு வாசனை. பிள்ளையில்லாத ஏக்கத்தில் மிருகங்களைப் பிள்ளையாக நினைத்தாள் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அவளுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் மில்லில் வேலை பார்த்தார்கள். புருஷன் உப்பளத்தில். சாயங்காலமானால் வந்து வாசலில் நின்று இருமுவான், இவள் கிளம்பிப் போவாள். எந்த மிருகத்தையும் அவள் கொஞ்சி நான் பார்த்ததில்லை. மானுக்கு முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

பின்னே எதற்கு இந்த அடுப்பு விரதம் என்று ஒரு நாள் பசி பொறுக்காமல் கேட்டேன்.

"உசிரு நம்ம வாசல்ல போச்சுன்னா நாலு பேரு வந்து என்னன்னு கேக்கணும் தம்பி. யாரும் கேக்கலைன்னா அது செத்ததா ஆகாது. தொலைஞ்சதாத்தான் ஆகும்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சாவு விசாரிக்கப் போவதைத் துட்டி கேட்பது என்போம். மதினி ஒரு மானுக்குத் துட்டி என்று சொல்லி அனுப்பினால் ஊர் வந்தது. ஆமாம், வந்தது. சிரித்துக்கொண்டு வரவில்லை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு முறையாக வந்தது. ஏனென்றால் ஊரில் அவள் போகாத துட்டி வீடு கிடையாது. சங்கு குளிக்கிறவர் வீடா, மீன்காரி வீடா, முதல் ஆளாக இவள் போய் உட்கார்ந்திருப்பாள். காயல்பட்டணத்தில் முஸ்லிம் வீட்டில் ஒரு மவுத்து என்று கேள்விப்பட்டால் பஸ்ஸைப் பிடித்துப் போய், பெண்கள் பக்கம் இருந்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் சொல்லி அனுப்பினால் வராமல் இருக்க முடியுமா? வந்தவர்களில் பாதிப் பேருக்குச் செத்தது எந்த மான் என்று தெரியாது. அது ஆணா பெண்ணா என்று என்னைத்தான் காதோடு காதாகக் கேட்பார்கள். எனக்கும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பேன்.

முதல் தடவை நான் வழக்கம்போல வாசலில் நின்று டிக்கெட் கேட்டுவிட்டேன். முதலாளி காதுக்கு அது போயிற்று. துட்டிக்கு வருகிறவனிடம் டிக்கெட் கேட்கிற பயலை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். எல்லாம் என் தலையெழுத்து.

ஒருமுறை மதினி ஏமாந்தும் போனாள். மலைப்பாம்பு ஒன்று பல நாளாக அசையாமல் கிடந்தது. கண்ணில் பால் படர்ந்துவிட்டது. குச்சியால் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. உடனே பானை கவிழ்ந்தது, ஊருக்குச் சொல்லி ஆள் போனது. மீன்காரி ஒருத்தி வந்து, எந்தச் சாவுக்கும் பாடுகிற அதே ஒப்பாரியை இழுத்து ஆரம்பித்தாள். பாதிப் பாட்டில் பாம்பு தலையைத் தூக்கியது. சட்டை உரிக்கப் போகிற பாம்பு அப்படித்தான் கிடக்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கூட்டம் விழுந்தடித்து உப்பளத்துக்குள் ஓடியது. மீன்காரியின் கூடை இங்கே, அவள் அங்கே. மதினி மட்டும் அசையவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பழைய பாம்புக்குத் துட்டி கேட்டாயிற்று, அது முடிந்தது, இது புதிதாகப் பிறந்த பாம்பு என்று தீர்ப்புச் சொல்லி, கூண்டு வாசலில் வேப்பிலை சொருகினாள். பிள்ளை பிறந்த வீடானால் இனிப்பு உண்டு. அன்றைக்கு எனக்குக் கருப்பட்டி கிடைத்தது.

இடம் மாறிப் போகிற மிருகத்துக்கும் ஒரு முறை வைத்திருந்தாள். பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற மாதிரி, பெட்டியில் மஞ்சள் கயிறு கட்டி, வழிக்குத் தீனி கொடுத்து, தோணிக்காரருக்கு ஆத்தூர் வெற்றிலையும் பாக்கும் வைத்துத்தான் அனுப்புவாள். தோணி திரும்பி வந்ததும் கரையில் போய் நின்று, போன இடத்தில் அது தின்கிறதா உறங்குகிறதா என்று விசாரிப்பாள். எங்கள் சரக்கெல்லாம் ஏற்றுகிற தோணிக்கு ஒரு தண்டல் இருந்தார். தோணியில் தலைவரைத் தண்டல் என்பார்கள். நல்ல மனுஷர், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். அவர் தாயார் இறந்தபோது மதினி மூன்று நாளும் அந்த வீட்டுப் பெண்களோடு இருந்தாள். மதினி கேட்டால் அவரும் முகம் சுளிக்காமல், கட்டிக் கொடுத்த பெண் சௌக்கியமாக இருக்கிறாள் என்பார். பார்த்துத்தான் சொன்னாரோ பார்க்காமல் சொன்னாரோ.

ஒரு தடவை கரடியை ஏற்றியதோடு அந்தத் தண்டலுக்கும் போதுமென்று ஆகிவிட்டது. நடுக்கடலில் அது கம்பியை வளைத்துக் கையை வெளியே விட்டு, குடிதண்ணீர்ப் பீப்பாயை உருட்டிவிட்டது. கொழும்பு போய்ச் சேரும்வரை தோணியாட்களுக்கு நாக்கை நனைக்கத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்தவர் கரையில் கால் வைத்ததும், மாதா மேல் ஆணையாக இனி நாலு கால் எதையும் ஏற்ற மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். அப்போதும் மதினி கேட்டது ஒன்றுதான். அது அங்கே தின்கிறதா?

இனி சிறுத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் இத்தனை சுற்று.

சினையாகப் பிடிபட்ட தாய்ச்சிறுத்தை ஒன்று பெட்டியில் வந்து இறங்கியது. வந்த மறுவாரமே இரண்டு குட்டி போட்டது. ஒரு குட்டி அன்றைக்கே போயிற்று, அடுத்து தாயும் போயிற்று. ஒரே வாரத்தில் இரண்டு துட்டி, எனக்கு இரண்டு பட்டினி. மிஞ்சினது கண் திறக்காத ஒரு பெண்குட்டி. மதினி அதை ஒரு கிழிந்த சாக்கில் சுருட்டி அடுப்படிக்குக் கொண்டுவந்து, ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுத்தாள். ஆனால் பால் கொடுக்கும் முன்னே சேனை வைக்க வேண்டும் என்று நின்றாள். பிறந்த பிள்ளை நாக்கில் முதன்முதலில் இனிப்புத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கருப்பட்டித் தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீங்களே வைங்க தம்பி. உங்களுக்குச் சூடு சொரணை கொஞ்சம் கம்மி. இது மனுசருக்கு நடுவுல இருக்கப் போறது, அப்படி இருந்தாத்தான் நல்லது."

பாராட்டா ஏச்சா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வைத்தேன். அந்த நாக்கின் சொரசொரப்பு விரலில் இருந்தது கொஞ்ச நேரம்.

சேனை பலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வளர்ந்து பெரிய சிறுத்தையான பிறகும் அது ஆளைக் கண்டால் பின்கூண்டுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். காசு கொடுத்து வந்தவர்கள் வாலைக்கூடப் பார்க்காமல் என்னிடம் வந்து சண்டை போடுவார்கள். யார் கூப்பிட்டாலும் வராது. மதினி வந்து கம்பிக்குப் பக்கத்தில் நின்று, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, "ஏளா, இங்கன வா" என்பாள். உடனே வரும். அதையும் அவள் கொஞ்சவில்லை. கறியைப் போடுவாள், தின்று முடிக்கும்வரை நிற்பாள், போவாள்.

யுத்தம் வந்தது. முதலில் தீவனம் குறைந்தது, பிறகு பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள். மயில்கள் ஒவ்வொன்றாகப் போயின. அடுப்பு எரிந்த நாளைவிட எரியாத நாள் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. மதினிக்கும் கண்ணுக்குக் கீழே குழி விழுந்துவிட்டது. ஆனாலும் ஒரு துட்டியையும் விடவில்லை. அலுத்துப்போய், போதும் மதினி, ஊர் சனத்துக்கே அரிசி இல்லை என்றேன். அரிசி இல்லாத வீட்டிலும் செத்தால் அழத்தானே செய்கிறார்கள் என்றாள்.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி ஈஸ்டருக்கு மறுநாள் எங்கள் ஊரைக் கலக்கியது. அடுத்தது தூத்துக்குடித் துறைமுகம்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெட்டி படுக்கையோடு சனம் வண்டி கட்டிப் பாஞ்சாலங்குறிச்சி, அதற்கும் அப்பால் என்று போயிற்று. ரயிலில் நிற்க இடமில்லை. முதலாளி தன் குடும்பத்தை முதல் நாளே அனுப்பிவிட்டார். அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து உத்தரவு வந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிறுத்தை ஊருக்குள் புகுந்துவிடும், அதனால் அதை வெளியூருக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் போலீஸ் வந்து சுட்டுவிடும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வரை தவணை. ஆளைக் கண்டால் ஒளிகிற சிறுத்தை! ஊரில் புகுந்தாலும் அது யார் வீட்டுக் கட்டிலுக்கடியிலாவது போய்ப் படுத்திருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

முதலாளி கெட்டவர் இல்லை. மதினியைக் கூப்பிட்டு, யாராவது ஏற்றிக்கொண்டு போகத் தயார் என்றால் செலவு என்னுடையது, ஆளை மட்டும் நீ பிடி என்றார். மதினி அன்றைக்கு முதல்முறையாக லீவு கேட்டாள். என்னையும் கூட வரச் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு தைரியம் இருந்தது. ஊரில் எத்தனை வீட்டுத் திண்ணையில், எத்தனை பந்தலில் உட்கார்ந்து எழுந்தவள். ஒருத்தராவது மாட்டேன் என்பார்களா என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

முதலில் தண்டலிடம் போனோம். தோணியைக் கரையோரம் கட்டிவிட்டுப் பாய் தைத்துக்கொண்டிருந்தார். மதினி சொல்லி முடிக்கும்வரை ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கொழும்பு வேண்டாம், கீழக்கரையோ பாம்பனோ எங்கேயாவது இறக்கிவிட்டால் போதும், அங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கரடி விஷயம் தெரியும், இந்த ஒரு தடவை என்றாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"மதினி, கொழும்புல இருந்து சனம் உசிரைக் கையில புடிச்சிக்கிட்டு வாராவ. இந்த நேரத்துல சிறுத்தையை ஏத்துனா எந்தத் தோணியாள் என்கூட வருவான்?" என்றார் தண்டல். பிறகு எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "எங்கம்மைக்கு நீங்க வந்து இருந்ததை நான் மறக்கல. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மொத ஆளா வந்து நிப்பேன். இது சத்தியம்."

அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

அடுத்து ஒரு லாரிக்காரரிடம் போனோம். அவர் தம்பி செத்தபோது மதினி போய் இருந்தவள். பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டுகிற லாரி மலை வரை ஏறாது என்றார். சிறுத்தைக்கு ஒன்று என்றால் குடும்பத்தோடு வந்துவிடுவதாகச் சொன்னார். ஒரு ஜமீன் காரியஸ்தர் தூத்துக்குடியில் குடியிருந்தார். அவர் மனைவி மோர் கொடுத்தாள், கண் கலங்கினாள், சொல்லி அனுப்புங்கள் கட்டாயம் வருகிறோம் என்றாள். விறகுக் கடை, சரக்குக் கிட்டங்கி, சங்குக்காரர் தெரு என்று இரண்டு நாள் அலைந்தோம். ஒருத்தரும் முகத்தில் அடித்தாற்போலப் பேசவில்லை. ஒருத்தரும் ஏற்றிக்கொள்ளவும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பி வரும்போது உப்பளத்து வரப்பில் மதினி உட்கார்ந்துவிட்டாள். காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எல்லாவனும் செத்தா வாரேங்கான் தம்பி."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியோடு வந்தார். நடுவயதுக்காரர், தொப்பலாக வியர்த்திருந்தார். மனுஷரையே சுட்டதில்லை என்று என்னிடம் ரகசியம் சொன்னார். முதலாளி காரைவிட்டு இறங்கவில்லை. வழக்கம்போலச் சிறுத்தை பின்கூண்டின் இருட்டுக்குள் போய் ஒடுங்கிவிட்டது. போலீஸ்காரர் கம்பியைத் தட்டிப் பார்த்தார், கல்லைப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. இருட்டைப் பார்த்துச் சுட்டால் எங்கே படுமோ, பாதி உயிரோடு கிடந்து துடிக்குமே என்று அவருக்கே பயம். மதினி வேலைக்கே வந்திருக்க மாட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஓர் இலையில் ஈரல் வைத்திருந்தாள்.

"கல்லெறியாதீய. நான் கூப்பிடுதேன்" என்றாள்.

வேண்டாம் மதினி, நீ வீட்டுக்குப் போ என்று அவள் கையைப் பிடித்தேன். கையை விலக்கிவிட்டாள். தெரியாத ஆள் விரட்டினால் அது பயந்து சாகும், பயந்து சாக வேண்டாம் என்றாள். கம்பி பக்கம் போய் நின்று, தினமும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள். அது வந்தது. அவளைப் பார்த்தது. ஈரலை முகர்ந்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. தின்று முடிக்கட்டும் என்று போலீஸ்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவரும் நின்றார், நல்ல மனுஷர். முடிந்ததும் அவள் ஓர் அடி தள்ளி நின்றாள். இரண்டு குண்டு வேண்டியிருந்தது.

உடைமரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, சிப்பிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். மதினி ஊருக்குச் சொல்லி ஆள் அனுப்பினாள். பிறகு கூண்டுக்கு முன்னால் மணலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஊரில் பாதிப் பேர் ஓடிப்போயிருந்தார்கள். இருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். தண்டல்தான் முதல் ஆள், சொன்ன சொல் தவறவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். எல்லாத் துட்டி வீட்டிலும் கேட்கிறதையே கேட்டார்.

"எப்படி ஆச்சு மதினி?"

"சீக்கு ஒண்ணும் இல்ல. காலையில ஈரல் தின்னுச்சு. போறதுக்கு இடம் கிடைக்கல. நான் கூப்பிட்டேன், வந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு நாள் அலைந்த அலுப்புத்தான் குரலில் இருந்தது. தண்டலுக்கு முகம் செத்துப் போயிற்று. எழுந்து போனார். அடுத்து லாரிக்காரர், பெண்டாட்டி பிள்ளைகளோடு. அவரும் கேட்டார், அவருக்கும் அதையே சொன்னாள். பின்னால் நின்றவர்களுக்குக் காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் வந்தவர்கள் கேட்காமல் எழுந்து போக முடியாதே, துட்டிக்கு வந்துவிட்டு அப்படிப் போவது மரியாதை இல்லை. அதனால் ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்தார்கள், ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள். காரியஸ்தர் மனைவிக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. மதினி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கடைசியில் முதலாளி காரைவிட்டு இறங்கி வந்தார். வெள்ளை வேட்டியோடு மணலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. மதினி பொறுத்துப் பார்த்தாள்.

"கேளுங்க மொதலாளி. எல்லாரும் கேட்டாச்சு" என்றாள்.

அவரும் கேட்டார். அவருக்கும் அதே பதிலைத்தான் சொன்னாள்.